மிஷனரி ஊழியத்துக்கு அழைப்பு வந்திருக்கிறதா? கோலாலம்பூரிலேயே தொடங்குங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வாசலில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் இந்தப் பேச்சு வரும். யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "அக்கா, கர்த்தர் என்னை மிஷனரியா கூப்பிடறார்னு தோணுது. அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு தமிழ்ச் சபையின் மிஷன் குழுவில் இருக்கிறேன். அதற்கு முன் நானும் என் கணவரும் ஆறு வருடம் கம்போடியாவில் இருந்தோம். ஒரு கோப்பைத் தேநீர் நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

மலேசியத் தமிழர்களான நமக்கு ஒரு துணிச்சல் உண்டு. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசுகிறோம். பாசாரில் நாலு வார்த்தை ஹொக்கியனோ கேன்டனீஸோ கூட வரும். சீனப் பெருநாளுக்கும் ஹரிராயாவுக்கும் அண்டை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். வேறு கலாச்சாரத்தில் போய் வாழ்வது நமக்கு என்ன பெரிய காரியம் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன்.

கம்போடியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், தலைநகர் புனோம் பென்னுக்கு வெளியே ஒரு கிராமத்து வீட்டில் நாலு வயதுப் பையன் காய்ச்சலில் படுத்திருந்தான். நம் வீடுகளில் செய்வதுபோல அவன் தலையில் கை வைத்து ஜெபித்தேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பு மாறாமல், பையனை மெதுவாக என் கைக்குக் கீழிருந்து தன் பக்கம் இழுத்து, பாயில் முதுகு காட்டி உட்கார வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் எங்களுக்கு யாரும் பதில் கொடுக்கவில்லை. கம்போடியாவின் கெமர் மக்களுக்கு உடம்பில் தலைதான் புனிதமான இடம். வெளி ஆள் அதைத் தொடக்கூடாது. இதை நான் போவதற்கு முன்பே படித்திருந்தேன். ஆனால் கை பழக்கத்தில் போய்விட்டது.

இங்கே கோலாலம்பூரில் நாம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறோம். சீனர் வீட்டுக்குப் போனாலும் இந்திய விருந்தாளியாகவே போய், இந்திய விருந்தாளியாகவே திரும்பி வருகிறோம். என் கையின் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும்படி இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியதாகவே இருக்கிறது.

முதலில், யாரிடம் சொல்வது

மேடையில் சாட்சி சொல்வதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கன்வென்ஷன் முடிவு ஜெபத்தில் கையைத் தூக்கியிருக்கலாம், அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் முதலில் மூன்று பேரிடம் மட்டும் சொல்லுங்கள்: உங்கள் போதகர், உங்கள் குறைகளை முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரு நண்பர், உங்களை விட வயதில் மூத்த ஒரு விசுவாசி. ஒரு வருடம் அவர்கள் உங்களோடு சேர்ந்து ஜெபிக்கட்டும், கேள்வி கேட்கட்டும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பர்னபாவும் சவுலும் அந்தியோகியா சபையில் ஏற்கனவே ஊழியம் செய்துகொண்டிருந்தவர்கள். அந்தச் சபையார் உபவாசித்து, ஜெபித்து, அவர்கள்மேல் கைகளை வைத்து அனுப்பினார்கள். ஆகவே நான் முதலில் கேட்கிற கேள்வி, "இப்போது சபையில் என்ன செய்கிறாய்?" என்பதுதான். ஞாயிறு பள்ளியில் ஆறு பிள்ளைகளை ஒரு வருடம் விடாமல் நடத்தியவர், ஆஸ்பத்திரிச் சந்திப்புக்கு மழையிலும் போனவர் என்றால் எனக்கு நம்பிக்கை வரும்.

இன்னொரு கேள்வியும் உண்டு, கேட்கக் கொஞ்சம் கஷ்டமானது. எதிலிருந்தாவது தப்பிக்கப் பார்க்கிறீர்களா? பிடிக்காத வேலை, முறிந்துபோன நிச்சயதார்த்தம், வீட்டுச் சண்டை, கடன், இவற்றில் எது இருந்தாலும் அது உங்களோடு கூடவே விமானம் ஏறும். அங்கே போனபின் தனிமையில் இரண்டு மடங்காகும். அழைப்பு பொய் என்று சொல்ல வரவில்லை. அந்த விஷயத்தை இங்கேயே, உதவி இருக்கிற இடத்திலேயே, தீர்த்துவிட்டுப் போங்கள்.

அம்மா அப்பாவிடம்

நம் வீடுகளில் இதுதான் மிகப் பெரிய படி. இதைத் தாண்டிக் குதித்துப் போனவர்கள் பலர் பாதியில் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார்கள். அப்பா லயத்து வீட்டில் பிறந்து, பட்டணத்துக்கு வந்து, லாரி ஓட்டியோ கிளார்க் வேலை பார்த்தோ உங்களைப் படிக்க வைத்தார். மூன்று தலைமுறையில் முதல் பட்டதாரி நீங்கள். இப்போது நீங்கள் சம்பள வேலையை விட்டுவிட்டு, பேர் தெரியாத ஒரு மலைக் கிராமத்துக்குப் போகிறேன் என்கிறீர்கள். அவர்களுக்கு அது விசுவாசக் குறைவால் மட்டும் வலிப்பதில்லை. அவர்கள் சுமந்த சுமையை நீங்கள் லேசாக எண்ணுகிறீர்களோ என்றும் வலிக்கிறது. அதற்கு வேத வசனத்தால் பதில் சொல்லாதீர்கள்.

அப்புறம் என்ன செய்யலாம்? ஒரே நாளில் முடிவைச் சொல்லாமல், யோசனையாக இருக்கும்போதே அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பயிற்சிக்குப் போகும் இடங்களுக்குக் கூட்டிப் போங்கள். அண்ணன் தங்கைகளோடு உட்கார்ந்து, பெற்றோரின் மருந்துச் செலவு யார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது யார், மாதம் நான் எவ்வளவு அனுப்புவேன் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு, உண்மையில் அக்கா தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போவது சரியில்லை. பிடிபிடிஎன் படிப்புக் கடன் பாக்கி இருந்தால், அதை அடைக்கும் திட்டமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

வீட்டில் கிறிஸ்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் காலம் கூடுதலாகத் தேவைப்படும். அந்தக் காலத்தைக் கொடுங்கள். உங்கள் பெற்றோரை நீங்கள் நடத்துகிற விதத்தை வைத்துத்தான் அவர்கள் இந்த ஊழியத்தை எடைபோடுவார்கள்.

இங்கேயே எல்லை தாண்டுங்கள்

ஓர் ஆண்டாவது, வாரம் ஒரு நாள், உங்கள் மொழியும் சாப்பாடும் இல்லாத ஒரு கூட்டத்தின் நடுவே போய் உட்காருங்கள். கோலாலம்பூரில் இதற்கு இடம் தேட வேண்டியதே இல்லை.

புடு பக்கம் மியன்மாரிலிருந்து அகதிகளாக வந்த சின் மக்கள் நிறைய இருக்கிறார்கள். மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதனால் அவர்களுடைய பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிகளில் சேர முடியாது. கடைவீட்டு மாடிகளில் அவர்களே நடத்தும் சின்னப் பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் எப்போதும் தேவை. இதில் ஒரு முக்கியமான விஷயம்: சின் மக்களில் பெரும்பாலோர் ஏற்கனவே கிறிஸ்தவர்கள். அமெரிக்க பாப்திஸ்து மிஷனரிகளான ஆர்தர் கார்சனும் லாரா கார்சனும் 1899-ல் சின் மலைநாட்டு ஹாக்காவுக்கு வந்ததிலிருந்து அவர்களுடைய சபை வளர்ந்திருக்கிறது. ஆகவே அங்கே நீங்கள் கொடுக்கப் போகிறவர் என்பதைவிடக் கற்கப் போகிறவர். அவர்களுடைய ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் புரியாமல் இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள். அடுத்த வாரமும் போங்கள். புரியாத இடத்தில் அன்போடு உட்கார்ந்திருக்கப் பழகுவது பெரிய பயிற்சி. எந்த வகுப்பறையிலும் அதைச் சொல்லித்தர முடியாது.

மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஜாலான் துன் டான் சியூ சின் இருக்கிறது. இன்னும் ஜாலான் சீலாங் என்றே பலர் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நேப்பாளத் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரே மேசையில் தொடர்ந்து நாலு வாரம் உட்கார்ந்தாலே பழக்கம் வந்துவிடும். பினாங்கில் இருப்பவர்களுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பக்கம் இதே வாய்ப்பு உண்டு.

நம் நாட்டுப் பழங்குடியினரான ஒராங் அஸ்லி மக்களின் கிராமங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேராக், பகாங்கில் வாழும் செமாய் மக்களிடையே மெதடிஸ்ட் சபையார் 1930-களிலிருந்து ஊழியம் செய்து வருகிறார்கள். போவதாக இருந்தால், அங்கே நீண்டகாலமாக உறவு வைத்திருக்கும் சபையோடு, முறையான அனுமதியோடு, கிராமத் தலைவரான தோக் பாத்தினின் சம்மதத்தோடு போங்கள். பஸ் நிறைய ஆட்களோடு போய், பழைய துணி மூட்டையை இறக்கி, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்புவதை மிஷன் பயணம் என்று சொல்லாதீர்கள். அந்தத் துணிகள் மறுநாள் வாய்க்காலோரம் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மக்களுக்குத் தேவையானது என்ன என்று நாங்கள் அன்றைக்கு யாரையும் கேட்டிருக்கவில்லை. நானும் அந்தப் பஸ்ஸில் போனவள்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எனக்கு எங்கே எரிச்சல் வந்தது, எதைப் பார்த்து முகம் சுளித்தேன், யாரைத் தவறாகப் புரிந்துகொண்டேன். நாள் போகப் போக உங்கள் எரிச்சல்கள் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் காண்பீர்கள். எனக்கு அது நேரம். யாராவது தாமதமாக வந்தால் என்னை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன். அது என் குணம் என்று புடுவில் தெரிந்துகொண்டது கம்போடியாவில் எத்தனையோ சண்டையைத் தவிர்த்தது.

மொழி

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் அவர் தமிழ் படித்தார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. மொழி பேச வராத அந்நியன் ஒருவன் நம் பிள்ளைகளுக்கு நடுவே உட்காரத் தயாராக இருந்ததால் நமக்குக் கிடைத்த செல்வம் அது. இனி நம் முறை.

போகுமுன் புத்தகத்தில் எழுத்து படிப்பது நல்லது, ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். நான் பயன்படுத்திய முறை இது. அந்த மொழி பேசும் ஒருவரிடம் தினம் மூன்று வாக்கியம் கற்றுக்கொள்ளுங்கள். அவர் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து, எல்ஆர்டி ரயிலில் போகும்போதெல்லாம் கேளுங்கள். அப்புறம் அதே மூன்று வாக்கியத்தை அன்றைக்கே இருபது பேரிடம் பேசுங்கள். முதல் நாள் வாக்கியங்கள்: "நான் உங்கள் மொழி படிக்கிறேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மெதுவாகச் சொல்லித்தாருங்கள்." இதைக் கேட்டு முகம் மலராதவர்களை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை.

உறவு முறைச் சொற்களை முதல் வாரத்திலேயே பிடியுங்கள். கெமர் மொழியில் தன்னைவிட மூத்தவர் "பொங்", இளையவர் "ஓன்", பாட்டி வயதுள்ளவர் "யெய்". ஆள் யார், வயது என்ன என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று வந்துவிடும். எங்களோடு படித்த வெள்ளைக்காரச் சகோதரி ஒருவர் இதற்கு மட்டும் இரண்டு மாதம் திணறினார். அவர்களும் சந்தித்தால் "சோறு சாப்பிட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். சித்திரை பிறக்கிற அதே வாரத்தில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. கெமர் எழுத்துகூடப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. எங்கே போனாலும் இப்படிப்பட்ட உறவுக் கயிறுகளைத் தேடுங்கள். அந்த ஊர் உங்களுக்குச் சீக்கிரம் சொந்தமாகும்.

படிப்பும், அனுப்பும் அமைப்பும்

1979-ல் தொடங்கி இப்போது சிரம்பானில் இயங்கும் மலேசிய இறையியல் கல்லூரி, பினாங்கில் பாப்திஸ்து இறையியல் கல்லூரி, பெட்டாலிங் ஜெயாவில் அசெம்பிளிஸ் ஆப் காட் சபையாரின் வேதாகமக் கல்லூரி என்று நம் நாட்டிலேயே நல்ல இடங்கள் உண்டு. எல்லாருக்கும் பட்டப்படிப்பு தேவையில்லை. தாதியோ ஆசிரியரோ என்றால் உங்கள் தொழில்தான் அங்கே உங்கள் கதவு. வேதபாடம், மிஷன் வரலாறு, போகிற நாட்டு மதம் பற்றிய ஒரு வருடப் படிப்பு போதுமானதாக இருக்கலாம். இதைப் போதகரோடும் அனுப்பும் அமைப்போடும் பேசி முடிவு செய்யுங்கள். அந்த நாட்டு மதத்தைப் படிக்கும்போது, அதை நேசிப்பவர் எழுதியதைப் படியுங்கள். அதை எதிர்ப்பவர் எழுதியதை மட்டும் படித்துவிட்டுப் போனால், சந்திக்கும் முதல் நல்ல மனிதரிடமே உங்கள் பாடம் பொய்த்துவிடும்.

ஓஎம்எஃப், வைக்ளிஃப், இன்டர்சர்வ் போன்ற அமைப்புகளுக்கு மலேசியாவில் கிளைகள் உண்டு. விண்ணப்பிக்குமுன் நீங்களும் அவர்களைக் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். முதல் இரண்டு வருடம் மொழிக்கு ஒதுக்குவார்களா? நோய் வந்தால், கலவரம் வந்தால் யார் முடிவெடுப்பார்? உள்ளூர்ச் சபையின் கீழ் வேலை செய்வோமா, தனியாகவா? திரும்பி வந்தவர்கள் இரண்டு பேரோடு பேச அனுமதி உண்டா? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற அமைப்பைப் பற்றி நன்றாக யோசியுங்கள்.

இது வெள்ளைக்காரர்களின் வேலை என்று நம் சபைகளில் இன்னும் நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அசரியாவின் கதையைச் சொல்லுங்கள். 1903-ல் திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசு, தங்கள் ஆட்கள் என்று இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான வே. சா. அசரியாவே 1909-ல் அங்கே போய்க் குடியேறி, தெலுங்கு பேசி வாழ்ந்தார். 1912-ல் இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் மேலைநாட்டு மிஷனரிகளிடம் நேருக்கு நேர் கேட்டது நட்பை: தியாகமும் பணமும் தந்தீர்கள், நண்பர்களையும் தாருங்கள் என்ற கருத்தில். புறப்படும் ஒவ்வொருவருக்கும் இதை நான் சொல்லி அனுப்புகிறேன். நாம் போகிற ஊரில் நம்மை அப்படிக் கேட்கும் நிலையில் யாரையும் வைக்கக்கூடாது.

பணம்

வெட்கப்படாமல் பேசுங்கள். வாடகை, சாப்பாடு, மொழி ஆசிரியர் சம்பளம், மருத்துவக் காப்புறுதி, பெற்றோருக்கு அனுப்புவது, பிள்ளைகள் படிப்பு, அவசரத்துக்கு வீடு திரும்ப விமானக் காசு எல்லாவற்றையும் எழுதி, மாதம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்குப் போடுங்கள். அதில் பெரும்பகுதி வாக்குறுதியாக வந்து சேர்வதற்கு முன் புறப்படாதீர்கள்.

எங்களுக்கு வாக்குக் கொடுத்த ஒரு சபை இரண்டாம் வருடம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கெட்ட எண்ணம் இல்லை. கமிட்டி மாறியது, புதியவர்களுக்கு எங்களைத் தெரியவில்லை. அடுத்த நாலு மாதத்தில் என் கணவர் எனக்குப் போட்ட தாலிச் சங்கிலியைப் புனோம் பென்னில் விற்றோம். அதிலிருந்து கற்றது: ஒரே பெரிய தொகையைவிட, மாதம் 30 வெள்ளி, 50 வெள்ளி தருகிற நாற்பது குடும்பங்கள் பலம். அவர்களுக்கு மாதம் ஒரு கடிதம் தவறாமல் எழுதுங்கள். காசு வராத மாதத்திலும் எழுதுங்கள்.

சம்பள வேலையை விட்டதும் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி போடும் பங்கு நின்றுவிடும். சுயமாகத் தொடர்ந்து போட வழி இருக்கிறது. அதையும் மாதக் கணக்கில் சேருங்கள். 2024 மே மாதத்திலிருந்து சந்தாவில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. பயணச் செலவுக்கு அதில் கை வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். அறுபது வயதில் திரும்பி வரும்போது அது தேவைப்படும். உயிலும் எழுதிவிடுங்கள், வயது இருபத்தைந்தாக இருந்தாலும்.

தாள்களும் உடம்பும்

கடப்பிதழில் காலம் நிறைய இருக்கட்டும். நீண்ட கால விசாவுக்குப் பல நாடுகள் கேட்கும் நன்னடத்தைச் சான்றிதழை வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் விண்ணப்பிக்க வேண்டும், முன்கூட்டியே தொடங்குங்கள். பிறப்பு, திருமண, கல்விச் சான்றிதழ்களுக்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு எடுத்து வையுங்கள்.

பயண மருத்துவம் தெரிந்த கிளினிக்குக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னே போங்கள். டைபாய்டு, ஹெப்படைட்டிஸ், வெறிநாய்க்கடி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று போகிற இடத்தைப் பொறுத்துத் தடுப்பூசி மாறும். சில ஊசிகள் தவணை தவணையாகப் போடுவது. ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டுக்கு என்றால் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016-லிருந்து அது ஆயுளுக்கும் போதும். பல்லை முழுதாகப் பார்த்துவிடுங்கள். மனச்சோர்வு முன்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அது தகுதிக் குறைவு இல்லை.

சட்டமும் நேர்மையும்

நம் அரசியலமைப்பின் 11-ஆம் விதி மதச் சுதந்திரம் தருகிறது. அதே விதியின் 4-ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதக் கோட்பாடுகளைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த இடம் தருகிறது. இங்கே பயிற்சி செய்யும்போதும் இதைத் தெரிந்துகொண்டு நடங்கள். போகிற நாட்டுச் சட்டத்தையும் போகுமுன் படியுங்கள். ஆசிரியர் விசாவில் போனால் உண்மையாகவே நல்ல ஆசிரியராக இருங்கள், பாடத்தைத் தயார் செய்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். அரிசி மூட்டைக்கும் ஞானஸ்நானத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். பசித்தவருக்குக் கொடுப்பதை அவர் சபைக்கு வந்தாலும் வராவிட்டாலும் கொடுங்கள். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் கடிதத்தில் போடாதீர்கள்.

முதல் மாதம்

போய் இறங்கியதும் எதையும் தொடங்காதீர்கள். கூட்டமோ வகுப்போ திட்டமோ வேண்டாம். பெட்டியில் புளியும் மிளகாய்த் தூளும் கொஞ்சம் இருக்கட்டும், உடம்பு முடியாத நாளில் ஒரு ரசம் வைத்துக் குடிக்கலாம். மற்ற நாட்களில் அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். தெருவில் உள்ளவர்களின் பெயர்களை எழுதிப் பழகுங்கள். இங்கே முதலில் சொன்ன அந்த மூன்று பேரோடு மாதம் ஒரு முறை பேசுங்கள். பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லாத மாதத்திலும் கூப்பிடுங்கள்.

தவறு செய்வீர்கள். செய்ததும் ஒதுங்கிப் போகாமல், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் போய், என்ன தவறு, எப்படிச் சரிசெய்வது என்று கேளுங்கள். எனக்கு உதவியது எதிர்வீட்டு அக்கா. மன்னிப்புக் கேட்க ஒரு வரி சொல்லிக்கொடுத்தார்: "சோம் தோஹ்." நம் தோஷம் என்ற சொல்தான் அதில் இருக்கிறது. இரண்டு நாள் வீட்டுக்குள் சொல்லிப் பழகிவிட்டு, அவரோடு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனேன். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் கால்களை ஒரு பக்கமாக மடித்து உட்கார்ந்து, இரண்டு கையையும் குவித்து, "சோம் தோஹ், யெய்" என்றேன். பாட்டி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் உள்ளே திரும்பி, பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்து, சோறு சாப்பிட்டாயா என்று கேட்டார்.